சமச்சீர் முறிகிறதா, கரந்துறைகிறதா?

குழும அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அணுக்கருப் பௌதிகவியலுக்கும் குவாண்டம் பௌதிகவியலுக்குமான சொற்பட்டியலில் முடிவாகாமல் நிற்கும் ஒரு பதிவுக்கு (ஆங்கிலத்தில் spontaneous symmetry breaking) 'தன்னிச்சைச் சமச்சீர் முறிவு' என்ற தொடரையே உறுதிசெய்துவிடலாம் என்று சென்ற வாரம் பலர் எழுதியிருந்தீர்கள். அதை ஏற்பதற்கு முன் ஒருமுறை நிதானித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். அத்தொடரிலுள்ள மூன்று சொற்களில் இரண்டு, பௌதிகவியல் சொல்லவரும் செய்திக்கு நேர்மாறானதைச் சொல்கின்றன என்பது என் கருத்து.

இலங்கை மலையகத்தில் அட்டனுக்கு அருகே உயர்தர வகுப்பு மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். சனிக்கிழமைப் பிற்பகல்களில் பாடத்திட்டத்துக்கு வெளியே விரும்பி வந்து அமரும் சிலருக்கு ஹிக்ஸ் துணிக்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கரும்பலகையில் இத்தொடரை எழுதினேன். மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், முறிந்துபோன பிறகு சமச்சீர் அங்கே இல்லையே. இல்லாத ஒன்றை வைத்து எப்படிக் கணக்கிடுகிறார்கள்?" என்று கேட்டாள். பௌதிகவியல் விளங்காததால் கேட்கிறாள் என்று நினைத்து, மறுபடியும் முதலிலிருந்து விளக்கினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அவளுடைய தருக்கத்தில் பிழை எதுவும் இல்லை, நான் எழுதிய சொல்லில்தான் பிழை இருக்கிறது என்று புரிந்தது.

சமச்சீர் என்ற சொல்லின் பொருளைச் சரியாக வகுக்காமல் அது முறிகிறதா இல்லையா என்று பேசுவதில் பயனில்லை. கீழ் வகுப்புகளில் பிள்ளைகள் தாளை மடித்து வெட்டி, மடிப்புக்கோட்டைச் சமச்சீர் அச்சு என்று கற்றுக்கொள்கிறார்கள். அங்கே சமச்சீர் என்பது ஓர் உருவத்தின் பண்பு. பௌதிகவியலில் அது அவ்வளவோடு நிற்பதில்லை. கணிதவியலாளர் ஹெர்மன் வைல் தந்த விளக்கத்தைத் தழுவிச் சொன்னால், ஒரு பொருளின்மீது ஏதோ ஒரு செயலைச் செய்து முடித்த பின்னரும் அது முன்னிருந்தபடியே இருக்குமானால், அச்செயலைப் பொறுத்து அப்பொருள் சமச்சீருடையது. தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்க மாலைமாற்றைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் காணவில்லை. கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்தை நோக்கிப் படித்தாலும் அதே செய்யுள் வருகிறது; திருப்பிப் படிப்பது செயல், செய்யுள் மாறாதிருப்பது சமச்சீர்.

செய்யுளின் இடத்தில் இனி ஒரு விதியை வைத்துப் பாருங்கள். ஒரு பரிசோதனையை இன்று செய்தாலும் அடுத்த ஆண்டு செய்தாலும், அட்டனில் செய்தாலும் திருகோணமலையில் செய்தாலும், மேசையைக் கிழக்கு நோக்கி வைத்தாலும் வடக்கு நோக்கி வைத்தாலும் அதை ஆளும் விதி ஒன்றே. கணிதவியலாளர் எமி நொயிதர் 1918 இல் வெளியிட்ட தேற்றம், இத்தகைய மாறாமைகளுக்கும் காப்பு விதிகளுக்கும் உள்ள உறவை நிறுவியது. காலத்தில் நகர்த்தினாலும் விதி மாறாதிருப்பதால் சக்தி காக்கப்படுகிறது. இடத்தில் நகர்த்தினாலும் மாறாதிருப்பதால் உந்தம் காக்கப்படுகிறது. திசை திருப்பினாலும் மாறாதிருப்பதால் கோண உந்தம் காக்கப்படுகிறது. (தமிழக நண்பர்கள் சக்தி என்பதை ஆற்றல் என்று படித்துக்கொள்ள வேண்டுகிறேன்.) மூன்று தனித்தனி விதிகளாக மனனம் செய்து பரீட்சை எழுதியவன் நான். அவை ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று பின்னாளில் அறிந்தபோது உண்டான மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை. பௌதிகவியலார் அழகு என்று சொல்லும்போது பெரும்பாலும் கருதுவது இதைத்தான்: கண்ணுக்குத் தெரியும் உருவத்தின் அழகை அன்று, விதியின் அழகை.

மலையகத்து மாணவர் இங்கே ஒரு தடை எழுப்பக்கூடும்; எழுப்பவும் வேண்டும். ஏறக்குறைய 1270 மீற்றர் உயரத்திலுள்ள அட்டனில் தண்ணீர் ஏறத்தாழ 96 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. திருகோணமலையில் 100 பாகை வேண்டும். இடம் மாறினால் விளைவும் மாறுகிறதே என்று அவர் கேட்டால், விதி மாறவில்லை, வளியமுக்கம் என்ற நிலைமைதான் மாறியிருக்கிறது என்று விடை சொல்கிறோம். விதி வேறு, நிலை வேறு. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் நம் விவாதத்தில் பாதி தீர்ந்துவிடும்.

முடிவாகாமல் நிற்கும் கருத்து இதுதான். விதியில் சமச்சீர் முழுமையாக இருக்கிறது. ஆனால் அவ்விதிக்கு உட்பட்ட தொகுதி சென்றடையும் மிகக் குறைந்த சக்திநிலையில் அது வெளித்தெரிவதில்லை. அடிப்பகுதி உள்நோக்கி மேடாக எழுந்திருக்கும் கண்ணாடிப் போத்தல் ஒன்றுக்குள் ஒரு மிளகைப் போட்டுப் பாருங்கள். போத்தலை எவ்வளவு திருப்பினாலும் அடியின் வடிவம் ஒன்றே. மிளகோ மேட்டின் உச்சியில் நிற்காது. உருண்டு, மேட்டைச் சுற்றியுள்ள வட்டப் பள்ளத்தில் ஏதோ ஓரிடத்தில் தங்கும். மிளகை மட்டும் பார்ப்பவர் ஒரு திசைக்குத் தனிச்சிறப்பு உண்டென்று எண்ணுவார். போத்தலைப் பார்ப்பவர் அப்படி எண்ணமாட்டார். எங்கள் ஊர்க் காட்சி ஒன்றையும் சொல்லலாம். அட்டன் பக்கத்து முகடுகளில் களனி கங்கைக்கும் மகாவலி கங்கைக்கும் நீர் பிரிகிறது. முகட்டில் விழும் மழைத்துளி ஒரு பக்கம் சரிந்தால் கொழும்புக்கு அருகே மேற்குக் கடலைச் சேர்கிறது. மறுபக்கம் சரிந்தால் நாட்டின் குறுக்கே ஓடிக் கொட்டியாரக் குடாவைச் சேர்கிறது. புவியீர்ப்பு இரண்டு கடல்களில் ஒன்றை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை.

பௌதிகவியலார் யொயிச்சிரோ நம்பு இக்கருத்துக்கு வந்து சேர்ந்த வழியே என் வாதத்துக்குச் சான்று. மீக்கடத்திகளை (தடையே இல்லாமல் மின்னைக் கடத்தும் பொருள்களை) விளக்க 1957 இல் பார்டீன், கூப்பர், சிரீஃபர் மூவரும் அமைத்த கோட்பாட்டில் மின்னேற்றக் காப்பு தவறிப்போவதைப் போன்ற தோற்றம் இருந்தது. அது நம்புவை உறுத்தியது. பல காலம் அதிலேயே உழைத்து, மின்னேற்றக் காப்புக்கு அடிப்படையான சமச்சீர் அக்கோட்பாட்டில் அழியவில்லை, வெளித்தெரியாமல் உள்ளே நின்று தன் வேலையைச் செய்கிறது என்று 1960 இல் காட்டினார். அதே சிந்தனையைத் துணிக்கைகளின் உலகுக்கும் கொண்டுசென்றார். 2008 இல் நோபல் பரிசு அதற்காகவே கிடைத்தது. 1964 இல் ஹிக்ஸ், எங்லேர், புரூட் முதலியோர் எழுதியவையும், 2012 யூலை 4 ஆம் நாள் ஜெனீவாவுக்கு அருகேயுள்ள செர்ன் ஆய்வுகூடத்தில் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துணிக்கையும் இந்த வழியில் வந்தவை. எங்கும் எதுவும் முறியவில்லை. முறிந்திருந்தால் அந்தக் கணிப்புகளே கிடைத்திருக்கமாட்டா. ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கும் இந்த உறுத்தல் இருந்திருக்கிறது. சிட்னி கோல்மன் 1973 இல் ஆற்றிய புகழ்பெற்ற விரிவுரைக்கு 'இரகசியச் சமச்சீர்' என்றே தலைப்பிட்டார்.

தமிழில் முறிவு என்றால் இழப்பு. எலும்பு முறிகிறது, கிளை முறிகிறது, மணம் முறிகிறது. ஒவ்வொன்றிலும் முன்பிருந்தது பின்பு இல்லை. 'தன்னிச்சை' அதைவிடக் கெடுதல், ஏனெனில் யாரோ ஒருவர் பிறரைக் கேளாமல் தன் விருப்பத்துக்கு நடந்துகொண்டார் என்பதே அதன் இன்றைய பொருள். மிளகுக்கு விருப்பம் கிடையாது.

உண்மையிலேயே விதியில் சமச்சீர் இல்லாத இடமும் ஒன்று உண்டு. அதற்கும் 'முறிவு' என்றே எழுதிவருகிறோம் என்பதுதான் என் பெரிய மனக்குறை. இயற்கையில் நிகழும் ஒன்றை ஆடியில் பார்த்தால், ஆடிக்குள் தெரிவதும் இயற்கையில் நிகழக்கூடியதாகவே இருக்கும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1956 இல் லீ, யாங் இருவரும், சில அணுக்கருத் தேய்வுகளுக்குக் காரணமான மென்விசையைப் பொறுத்தவரை இதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்று சுட்டிக்காட்டினர். அவ்வாண்டின் இறுதியில் வொஷிங்ரனில் சியென்-ஷியுங் வூ தம் குழுவினருடன் கோபால்ற்று-60 கருக்களைத் தனிப்பூச்சியத்துக்கு (வெப்பநிலையின் மிகத் தாழ்ந்த எல்லைக்கு) மேல் ஏறத்தாழ நூறிலொரு பாகைவரை குளிர்வித்து, அவற்றின் சுழற்சி அச்சுகளைக் காந்தப்புலத்தால் ஒரு திசையில் நிறுத்தி, பீற்றாத் தேய்வில் வெளிவரும் இலத்திரன்களை எண்ணினார். அவை சுழற்சித் திசைக்கு எதிர்ப்புறமாகவே மிகுதியாக வந்தன. அச்சுக்கு இணையாக ஓர் ஆடியைப் பிடித்தால், ஆடிக்குள் சுழற்சி தலைகீழாகும். இலத்திரன்கள் செல்லும் திசை மாறாது. ஆகவே ஆடிக்குள் தெரிவது இயற்கையில் இல்லாத ஒரு கோபால்ற்று. ஆடிச் சமச்சீரின் அழகில் உறுதியாக நம்பிக்கை வைத்திருந்த வொல்ஃப்காங் பௌலி போன்றோருக்கு இது பேரதிர்ச்சியாயிற்று. 1957 இல் லீக்கும் யாங்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வூவின் பெயர் அதில் இல்லை என்பதை என் மாணவிகளுக்கு நான் சொல்லாமல் விடுவதில்லை.

இங்கே இயற்கை எதையும் முறிக்கவில்லை, மீறவும் இல்லை. விதியில் அச்சமச்சீர் தொடக்கத்திலிருந்தே கிடையாது. ஆகவே இதற்கு 'ஆடிச் சமச்சீரின்மை' என்பதே நேர்மையான பெயர். புரோத்தனும் நியூத்திரனும் ஒரே துணிக்கையின் இரு நிலைகள் என்று 1932 இல் ஹைசன்பேர்க் முன்வைத்த சமச்சீர் இன்னொரு வகை. ஒன்றின் திணிவு 93.83 கோடி இலத்திரன் வோல்ற்று (துணிக்கைகளின் திணிவையும் சக்தியையும் சொல்லும் அலகு), மற்றதன் திணிவு 93.96 கோடி, வேறுபாடு ஏறத்தாழ 0.14 சதவீதம். அதை 'அண்ணளவுச் சமச்சீர்' என்று சொல்லிவிட்டால் போதும். எஞ்சியிருக்கும், விதியில் உண்டு நிலையில் தெரியாது என்ற வகைக்குச் 'சமச்சீர் கரப்பு' என்ற தொடரை முன்வைக்கிறேன். கரத்தல் என்றால் ஒளித்தல். பழைய வினை, இன்னும் உயிரோடு இருப்பது.

சொல்லை ஏன் இவ்வளவு பிடிவாதமாகப் பற்றுகிறேன் என்றால், அழகைப் பற்றி மாணவர் கொள்ளும் எண்ணமும் அதைப் பொறுத்தே அமைகிறது. பௌதிக விதிக்குக் கணித அழகு இருக்கவேண்டும் என்று 1956 இல் மொஸ்கோவில் கரும்பலகையில் எழுதிவைத்தவர் குவாண்டம் பௌதிகவியலின் முன்னோடிகளுள் ஒருவரான டிராக். உலகம் மேடும் பள்ளமுமாக, வலமும் இடமும் ஒவ்வாததாக இருக்கும்போது இந்த அழகு எங்கே என்று மாணவர் கேட்பார். 'முறிந்துவிட்டது' என்று சொன்னால், எப்போதோ ஒரு நல்ல காலம் இருந்தது, நாம் அதன் சிதைவுகளுக்கு நடுவே வாழ்கிறோம் என்ற படம் அவர் மனத்தில் பதியும். சிவனொளிபாதமலை உச்சியில் விடியற்காலையில் நிற்பவர்கள், மேற்கே செம்மையான முக்கோண நிழல் விழுவதைக் காண்பார்கள். நெடுந்தூரம் நீளும் நிழல் தொலைவில் குவிந்து தோன்றுவதால் வரும் வடிவம் அது. மலையின் உண்மையான உருவம் எப்படி இருந்தாலும் நிழல் முக்கோணமாகவே தெரியும். தோற்றத்தில் சமச்சீர் இருக்கலாம், பொருளில் இல்லாமல். அப்படியானால் தோற்றத்தில் இல்லாமல் விதியில் இருப்பதும் இயலும். அதைச் சொல்லக்கூடிய சொல் நமக்கு வேண்டும்.

அன்புடன்,
அட்டனிலிருந்து.

பேராதனையிலிருந்து மறுமொழி

அன்புத் தம்பிக்கும் குழுமத்தாருக்கும் வணக்கம்.

'தன்னிச்சை' போகட்டும், அதைப் பட்டியலில் சேர்த்தவர்களுள் நானும் ஒருவன், இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 'முறிவு' அவ்வளவு எளிதாகப் போகக்கூடாது என்று நினைத்தே எழுதத் தொடங்கினேன்.

முதலில் உங்கள் மழைத்துளி. முகட்டின் இரு சரிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்தவை அல்ல. காற்றும் மண்ணும் துளியின் வழியை முன்பே தீர்மானித்துவிடுகின்றன. ஆகவே அங்கே கரந்திருப்பதற்குச் சமச்சீர் எதுவும் இல்லை. போத்தலும் மிளகும் போதும், துளியை விட்டுவிடுங்கள்.

அடுத்ததாக, பெருந்தொகுதிகளில் இழப்பு உண்மையானது. இரும்பை 770 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அதன் நுண்காந்தங்கள் எல்லாத் திசைகளையும் சமமாக நோக்குகின்றன. அதற்குக் கீழே ஆறும்போது ஏதோ ஒரு திசையில் அணிவகுக்கின்றன. அப்படி நின்ற எண்ணிலடங்கா நுண்காந்தங்கள் அனைத்தும் ஒருசேரத் தாமாக வேறொரு திசைக்குத் திரும்புவது நடைமுறையில் நிகழ்வதேயில்லை. அந்த இரும்புக்குள்ளேயே பிறந்து வாழும் ஒருவருக்குத் திசைச் சமச்சீர் கைக்கெட்டாத ஒன்று. அவர் அதை முறிவு என்று அழைத்தால் அவரைத் தவறென்று நான் சொல்லமாட்டேன்.

இப்படி எழுதிக்கொண்டு வந்தபோது, நான் நெடுங்காலம் படிப்பித்த அணுக்கருவே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தொடங்கியது. அதை மறைப்பது முறையன்று. அணுக்கருவை ஆளும் விசைக்கு எல்லாத் திசைகளும் சமம். அவ்வாறிருந்தும் எர்பியம், டிஸ்புரோசியம் போன்ற தனிமங்களின் கருக்கள் கோளவடிவில் இல்லை, நீண்டிருக்கின்றன. கண்டியில் இருப்பவர்களுக்கு றகர் பந்து என்றால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். இதை விளக்கியதற்காக ஆகே போர், பென் மொட்டல்சன், ஜேம்ஸ் ரெயின்வோட்டர் மூவருக்கும் 1975 இல் நோபல் பரிசு கிடைத்தது. நீண்ட கரு ஒன்று ஏதோ ஒரு திசையை நோக்கி நிற்கவேண்டும். அப்படியானால் திசைச் சமச்சீர் முறிந்துவிட்டது என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் எர்பியம்-166 கருவின் தரைநிலையில் (மிகக் குறைந்த சக்திநிலையில்) கோண உந்தம் பூச்சியம், அதாவது எந்தத் திசைக்கும் தனிச்சிறப்பு இல்லை. எல்லாத் திசைகளையும் நோக்கும் நிலைகள் சமமாகக் கலந்ததே அந்தத் தரைநிலை. துகள்களின் எண்ணிக்கை எல்லைக்குட்பட்டது என்பதால், பெரிய இரும்புத்துண்டில் இயலாதது கருவில் இயல்கிறது.

கருவின் சமச்சீர் தன் இருப்பைக் காட்டும் விதம் இன்னும் வியப்பானது. எர்பியம்-166 இன் முதலாவது அருட்டிய நிலை (தரைநிலைக்கு மேலுள்ள சக்திநிலை) ஏறத்தாழ 80.6 ஆயிரம் இலத்திரன் வோல்ற்றிலும், அடுத்தது ஏறத்தாழ 265 ஆயிரத்திலும் இருக்கின்றன. விகிதம் 3.29. விறைப்பான ஒரு பொருள் சுழலும்போது குவாண்டம் விதி தரும் விகிதம் 20 இன் கீழ் 6, அதாவது 3.33. இந்தச் சுழற்சிப் படிக்கட்டு முழுவதும், மறைந்திருக்கும் திசைச் சமச்சீர் வெளியே எழுதிவைத்த கையெழுத்து. 82 புரோத்தன்களும் 126 நியூத்திரன்களும் கொண்டு கோளமாக இருக்கும் ஈயம்-208 இல் இந்தப் படிக்கட்டு இல்லை. அதன் முதலாவது அருட்டிய நிலை 26 இலட்சம் இலத்திரன் வோல்ற்றுக்கு மேலே இருக்கிறது. முழுக்கோளம் ஒன்றைத் திருப்பினால் எதுவும் மாறாது. ஆகவே குவாண்டம் உலகில் அதற்குச் சுழற்சி என்பதே இல்லை. தோற்றத்தில் குறைபட்ட கருவில்தான் விதியின் சமச்சீர் நமக்குக் கேட்கும்படி பேசுகிறது.

என்னை முற்றிலும் உங்கள் பக்கம் திருப்பியது ரேடியம்-224. அதன் கரு பேரிக்காய் வடிவில் இருப்பதற்கான தெளிவான சான்று செர்ன் ஆய்வுகூடத்திலிருந்து 2013 இல் வெளியிடப்பட்டது. நுவரெலியாச் சந்தையில் விற்கும் அதே பேரிக்காய்தான்: ஒரு முனை பருத்தது, மறுமுனை சிறுத்தது. ஆடியில் பார்த்தால் முனைகள் இடம் மாறும். எனவே இங்கும் ஆடிச் சமச்சீர் தோற்றத்தில் இல்லை, ஆனால் கருவைப் பிணைக்கும் வன்விசையின் விதியில் அது இருக்கிறது. கோபால்ற்று-60 இன் பீற்றாத் தேய்விலோ விதியிலேயே இல்லை. 'ஆடிச் சமச்சீர் முறிவு' என்று மட்டும் எழுதினால் இவ்விரண்டில் எதைச் சொல்கிறோம் என்று வாசகர் எப்படி அறிவார்? ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும் என்பதை ஏற்கிறேன்.

'கரப்பு' மட்டும் வேண்டாம். கோழிகளைக் கவிழ்த்து மூடும் கூடையைக் கரப்பு என்பார்கள்; மீன்பிடிக்கும் கூடைக்கும் அதே பெயர். பிள்ளைகளின் மனம் அங்கே போய்விடும். 'மறைவு' என்று மாற்றலாமா என்று யோசித்தேன்; ஒருவர் இறந்ததைச் சொல்ல நாம் அன்றாடம் எழுதும் சொல் அது. 'ஒளிவு' வஞ்சகத்தோடு சேர்ந்து வருகிறது. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுவரெலியாவிலிருந்து மறுமொழி

ஐயா அவர்களுக்கும் ஆசிரியத் தம்பிக்கும் வணக்கம். நான் தமிழ்ப் பாடம் கற்பிப்பவள். கருவையும் துணிக்கையையும் பற்றி நீங்கள் எழுதியவற்றை இரண்டு முறை படித்த பிறகே எழுதத் துணிந்தேன்.

மாலைமாற்றைச் சொன்ன தம்பி, அதற்கு அருகிலேயே இருப்பதை எடுக்காமல் விட்டது ஏன் என்று தெரியவில்லை. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவி வகைகளில் மாலைமாற்று இருப்பது போலவே கரந்துறை செய்யுள் என்ற வகையும் இருக்கிறது. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்து வாழ்வது அது. மேலோட்டமாகப் படிப்பவர் ஒரே செய்யுளைக் காண்பார். முறை அறிந்தவர் இரண்டையும் காண்பார். உள்ளே இருப்பது சிதைந்தும் இல்லை, குறைந்தும் இல்லை. ஓர் எழுத்தும் தவறாமல் அங்கே இருக்கிறது. நீங்கள் இருவரும் விவரிக்கும் சமச்சீர் இதுவே அல்லவா? ஆகவே 'கரந்துறை சமச்சீர்' என்று சொல்லலாம்.

இலக்கணத்திலும் இதற்கு ஒரு நன்மை உண்டு. 'கரந்துறை சமச்சீர்' என்பது வினைத்தொகை. கரந்துறைந்த, கரந்துறைகின்ற, கரந்துறையும் என முக்காலத்தையும் தன்னுள் அடக்கி நிற்பது. எப்போது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. முறிவு என்றவுடன் ஒரு கணம் வந்துவிடுகிறது, முன் பின் வந்துவிடுகின்றன. வினைத்தொகை என்பதால் நடுவே வல்லினம் மிகாது. 'கரந்துறைச் சமச்சீர்' என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறை என்ற வினைக்குத் தங்கி வாழ்தல் என்ற பொருளோடு குளிரால் இறுகுதல் என்ற பொருளும் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் இங்கே சில விடியல்களில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். நீராவிக்கு எல்லாத் திசைகளும் ஒன்று. உறைந்த பிறகு பனிப்படிகம் ஆறு திசைகளைத் தேர்ந்துகொண்டுவிடுகிறது என்று என் மகனின் பாடநூலில் படித்தேன். நீங்கள் பேசும் கருத்துக்கு இந்த உறைதலும் பொருந்துமானால், ஒரே சொல்லில் இரண்டும் வந்துவிடும்.

அட்டனிலிருந்து மீண்டும்

மதிப்புக்குரிய ஐயாவுக்கும் ரீச்சருக்கும் என் நன்றி.

உறைதல் மிகச் சரியாகப் பொருந்துகிறது. நீர் பனிக்கட்டியாவதும் இரும்பு காந்தமாவதும் இக்கருத்தின் அன்றாட வடிவங்கள். எந்த நூலும் அவற்றிலிருந்தே தொடங்கும். மழைத்துளியை விட்டுவிட்டேன், இனி உறைபனியைச் சொல்லிக் கொடுப்பேன். 'கரப்பு' என்ற என் முன்மொழிவையும் திரும்பப் பெறுகிறேன்.

இரும்புக்குள் வாழ்பவர் முறிவு என்று சொல்வதில் தவறில்லை என்று ஐயா எழுதியதற்கு மட்டும் ஒரு மறுமொழி. அவருக்கும் ஒரு தடயம் கிடைக்கும். நுண்காந்தங்களின் திசையை இடத்துக்கிடம் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டு செல்லும் அலைகள் இரும்புக்குள் உண்டு. அவற்றின் அலைநீளம் கூடக்கூட, எழுப்புவதற்கு வேண்டிய சக்தி பூச்சியத்தை நெருங்குகிறது. எல்லாத் திசைகளும் சமம் என்ற விதி உள்ளே இருந்தால் அன்றி அப்படி ஓர் அலை இருக்க முடியாது என்பதை நம்புவும் 1961 இல் கோல்ட்ஸ்டனும் பொதுமையாகக் காட்டினார்கள். துணிக்கைகளிடையே இதே தடயம் பயோன். புரோத்தனின் திணிவு ஏறத்தாழ 94 கோடி இலத்திரன் வோல்ற்று; பயோனின் திணிவு 14 கோடி, ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். புரோத்தன், பயோன் முதலியவற்றின் உட்கூறுகளான குவார்க்குகளின் வலக்கை, இடக்கைச் சமச்சீர் கரந்துறைவதால்தான் பயோன் இவ்வளவு இலேசாக இருக்கிறது; அச்சமச்சீர் அண்ணளவானது என்பதால்தான் அதன் திணிவு முற்றிலும் பூச்சியமாகவில்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு சொற்களும் தம் தம் இடத்தில் நின்று வேலை செய்வதைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் 'முறிவு' என்று எழுதிப் பார்த்தேன்; வாக்கியம் பொருளற்றுப் போயிற்று.

நேற்று அந்த மாணவியிடம் பழைய தொடரை அழித்துவிட்டுப் புதியதை எழுதிக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அப்படியென்றால், அது உள்ளே இருக்கிறது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது, சேர்?" என்று கேட்டாள். எர்பியத்தின் அந்த 3.29 ஐ எழுதி, பாடத்தைத் தொடங்கினேன்.

பட்டியலுக்கான பதிவுகளைக் கீழே தருகிறேன். திருத்தம் இருப்பின் சொல்லுங்கள்.

கரந்துறை சமச்சீர்: ஒரு தொகுதியை ஆளும் விதியில் முழுமையாக இருந்து, அத்தொகுதியின் மிகக் குறைந்த சக்திநிலையில் வெளித்தெரியாத சமச்சீர். வினையாக: '770 பாகை செல்சியசுக்குக் கீழே இரும்பில் திசைச் சமச்சீர் கரந்துறைகிறது.' பழைய நூல்களில் 'சமச்சீர் முறிவு' என வரும்.

சமச்சீரின்மை: விதியிலேயே ஒரு சமச்சீர் இல்லாதிருத்தல். 'கோபால்ற்று-60 இன் பீற்றாத் தேய்வு, மென்விசையின் ஆடிச் சமச்சீரின்மையைக் காட்டியது.'

அண்ணளவுச் சமச்சீர்: விதியில் சிறு வேறுபாட்டுடன் இருக்கும் சமச்சீர். 'புரோத்தனையும் நியூத்திரனையும் இணைப்பது அண்ணளவுச் சமச்சீர்.'